நினைவு தப்பும்போது எது தப்புகிறது?

ஆன்மா அழிவற்றது என்று மேடையில் பேசுவது எளிது. மறதி நோய் கண்ட தந்தையைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் ஒரு மகனின் முன்னால் அதையே சொல்வது கடினம். பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறார் தந்தை. வாழ்நாள் முழுவதும் சாந்தமாக இருந்தவர் இன்று சுடுசொல் வீசுகிறார். மூளையின் சில பகுதிகள் சுருங்கிவிட்டன என்று மருத்துவர் படம் எடுத்துக் காட்டுகிறார். சில பகுதிகள் சுருங்கியதற்கே ஒரு மனிதர் இவ்வளவு கரைந்துபோவாரானால், மூளை முழுவதும் சாம்பலான பின்னர் எஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்பது மகனின் கேள்வி.

நாட்டின் எந்தப் பகுதிக்குச் சென்றாலும் இக்கேள்வி இன்று ஏதேனும் ஒரு வடிவில் எழுகிறது. ஆயுள் நீண்டுவிட்டதால், மரணத்திற்கு முன்பே சிறிது சிறிதாக நிகழும் இந்தப் பிரிவைப் பல குடும்பங்கள் காண நேர்கிறது. உணர்வு மூளையின் விளைபொருளா, மூளைக்கும் உடலுக்கும் வேறான ஒன்றா என்பது இவர்களுக்கு வெறும் தர்க்கப் பொருளாக இருக்க முடியாது.

லோகாயதரின் வாதமும் புதிய சான்றுகளும்

உணர்வு உடலின் விளைவே என்ற கருத்து மேலைநாட்டு விஞ்ஞானத்தோடு நம்மிடம் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நம் நாட்டிலேயே மிகப் பழமையானது. மண், நீர், தீ, காற்று என்ற நான்கு பூதங்களைத் தவிர வேறு தத்துவம் இல்லை என்றனர் லோகாயதர். இவற்றில் தனித்தனியே உணர்வு இல்லை. ஆயினும் உடலாக ஒன்றுசேரும்போது அது தோன்றுகிறது. வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனியே இல்லாத சிவப்பு, மூன்றையும் சேர்த்து மெல்லும்போது வருவது போல. தானியத்தில் இல்லாத போதை, அது புளித்தபின் உண்டாவது போல. 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் இயற்றிய ‘ஸர்வ தர்சன ஸங்க்ரஹம்’ இந்தத் தரிசனத்தைத்தான் முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குவது நம் சாஸ்திர மரபு.

அந்த வலிமை கடந்த இருநூறு ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியிருக்கிறது. 1846, அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து ஒருவரது கழுத்துக் கட்டி அகற்றப்பட்டது. சிறிதளவு ஆவி, ஒரு மனிதரின் வலியையும் எண்ணத்தையும் ‘நான்’ என்ற உணர்வையும் ஒருசேர நிறுத்திவைக்க முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. 1848-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதை அமைக்கும் பணியின்போது, பினியஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் இடது கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்து வெளியேறியது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பும் பண்பும் மிக்கவராக இருந்தவர் முரடராகவும் நிலையற்றவராகவும் மாறிவிட்டார் என்று மருத்துவர் ஹார்லோ பதிவு செய்தார். (கேஜ் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார், ஓரளவு தேறினார் என்றே தோன்றுகிறது. பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.) ஒழுக்கம், அன்பு, பொறுமை என்று நாம் ஆன்மாவின் அணிகலன்களாகப் போற்றுபவை, நெற்றிக்குப் பின்னால் உள்ள சில அங்குல சதையைச் சார்ந்திருக்கின்றன என்பது ஆன்மிகவாதிக்கு உவப்பான செய்தியாக இராது. உண்மை உவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை.

அவசரமான பதில்கள்

இத்தகைய சான்றுகளுக்கு நம் சொற்பொழிவுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் தரப்படுகின்றன. இரண்டுமே போதுமானவையாக எனக்குத் தோன்றவில்லை.

முதலாவது, மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டவர்களின் அனுபவங்கள். 2001-இல் நெதர்லாந்து மருத்துவர் பிம் வான் லோமல் குழுவினர், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 நோயாளிகளை ஆராய்ந்தனர்; அவர்களுள் 62 பேர் அத்தகைய அனுபவத்தைக் கூறினர். மனிதர்களுக்கு இவ்வனுபவம் நேர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மூளை முற்றிலும் ஓய்ந்த கணத்தில் நேர்ந்ததா, ஓய்வதற்கு முன்னரோ மீண்டு வரும்போதோ நேர்ந்ததா என்பதை நிறுவுவது மிகக் கடினம். 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடலை விட்டு மேலே மிதப்பவர் கண்டு சொல்லட்டும் என்று மருத்துவமனை அறைகளின் உயரமான தட்டுகளில் படங்கள் வைக்கப்பட்டன. 2,060 இதய நிறுத்த நிகழ்வுகளைப் பதிவு செய்த அந்த ஆய்வில், அப்படங்களைக் கண்டு சொன்னவர் ஒருவரும் இல்லை. 2002-இல் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், ஒரு நோயாளியின் மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தாம் உடலுக்கு வெளியே மிதப்பதாக அவர் உணர்ந்தார். ‘அணையப்போகும் விளக்கு பிரகாசமாக எரியும்’ என்று நம் பெரியோர் சொல்வது போல, மறதி நோயாளர் சிலர் இறுதி நாட்களில் திடீரெனத் தெளிவு பெற்றுப் பேசுவதும் உண்டு. இவை யாவும் ஆராயத்தக்கவை. ஆனால் இவற்றின்மீது ஆன்மாவை நிறுத்தினால், நாளை ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தவுடன் ஆன்மாவையும் கீழே இறக்கிவிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வானொலிப் பெட்டி உவமை. பெட்டி பழுதானால் பாட்டு கேட்காது. அதனால் பாடகர் இறந்துவிட்டார் என்று பொருளாகாது என்பார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி பழுதானால் இரைச்சல் வரும். பாடகரின் குணம் மாறிவிடாது. மூளை பழுதாகும்போதோ விருப்பும் வெறுப்பும் நம்பிக்கையும் நடத்தையும் மாறுகின்றன. மகன் காண்பது இரைச்சலை அன்று. மாறிப்போன ஒரு மனிதரை.

சங்கரர் எந்த அளவுக்குச் சென்றார்?

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் 53, 54 ஆகிய இரண்டு சூத்திரங்கள் இவ்விஷயத்திற்கென்றே அமைந்தவை. உடல் இருந்தால் உணர்வு இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. எனவே உணர்வு உடலின் தர்மம் என்பது லோகாயதரின் வாதம். சங்கரரின் பாஷ்யம் இதற்குப் பல மறுப்புகளை அடுக்குகிறது. அவற்றை இன்று படிக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை என்பது புலனாகிறது.

நிறம், உருவம் போன்ற உடலின் தர்மங்கள் பிணத்திலும் இருக்கின்றன, உணர்வு இல்லை, எனவே அது உடலின் தர்மம் ஆகாது என்கிறார். இன்றைய உடலியல் அறிஞர் இதற்கு விடை சொல்வார்: பிணத்தின் மூளை உயிருள்ள மூளை போன்றதன்று, பிராணவாயு நின்ற சில நிமிடங்களிலேயே அதன் அணுக்கள் சிதையத் தொடங்கிவிடுகின்றன. உடல் அசைவற்றுக் கிடக்கும்போதும் கனவில் பலவற்றை அறிகிறோமே என்பது பாஷ்யத்தின் இன்னொரு வாதம். 1953-இல் சிகாகோவில் அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் கட்டத்தைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னர், இந்த வாதத்தை அதே வடிவில் சொல்ல இயலாது. உடல் கிடந்தாலும் மூளை கிடப்பதில்லை. ஆசாரியரின் வாதம் ஒன்றைக் காலம் பலவீனப்படுத்தியிருக்கிறது என்று கூறுவது அபசாரம் ஆகாது என்றே கருதுகிறேன்.

பலவீனப்படாதவை இரண்டு. ஒன்று, விளக்கு உவமை. விளக்கு இருந்தால் பொருள்கள் தெரிகின்றன, இல்லாவிட்டால் தெரிவதில்லை. அதனால் பார்வை விளக்கின் குணம் என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல் உடல், உணர்வு வெளிப்படுவதற்குத் துணைக்கருவியாக மட்டும் இருக்கலாம். 1898-இல் வெளியான ‘மனித அமரத்துவம்’ என்ற சொற்பொழிவில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஏறக்குறைய இதே இடத்திற்கு வந்துசேர்ந்தார்: மூளையின் வேலை உணர்வை உண்டாக்குவதாகவும் இருக்கலாம், முப்பட்டகக் கண்ணாடி ஒளியைக் கடத்துவது போல் கடத்துவதாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பதை மட்டும் கொண்டு எது என்று தீர்மானிக்க முடியாது. இதில் சங்கரரின் நிதானத்தைக் கவனிக்க வேண்டும். உடலை விட்டபின் உணர்வு தொடர்கிறது என்று இந்த வாதத்தால் நிரூபித்துவிட்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. தொடரலாம் என்ற ஐயம் எழுந்தாலே எதிர்த்தரப்பின் உறுதி குலைந்துவிடுகிறது என்று மட்டுமே கூறுகிறார்.

மற்றொன்று இன்னும் ஆழமானது. உணர்வு பூதங்களையும் பூதங்களால் ஆனவற்றையும் அறிகிறது; அவை அதற்கு விஷயங்கள். நெருப்பு தன்னையே சுடாது. எவ்வளவு தேர்ந்த கழைக்கூத்தாடியும் தன் தோள்மீது தானே ஏறி நிற்க முடியாது. அறியப்படும் பொருளின் ஒரு குணம், அப்பொருளையே விஷயமாக்கி அறிவது எப்படி? இன்றைய சொற்களில் கூறினால், மூளையின் படத்தை மருத்துவரும் பார்க்கலாம், மகனும் பார்க்கலாம்; அந்த மூளைக்கு உரியவர் படும் வலியை அவர் ஒருவரே அறிகிறார். படத்தில் எவ்வளவு நுணுகித் தேடினாலும் வலி கிடைப்பதில்லை. வலியோடு சேர்ந்து நிகழும் அசைவுகளே கிடைக்கின்றன.

1990-களில் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் ‘கடினமான பிரச்சினை’ என்று பெயரிட்டது இதைத்தான். 1998-இல் கிறிஸ்டோஃப் கோக் என்ற நரம்பியல் விஞ்ஞானி, இன்னும் 25 ஆண்டுகளில் உணர்வுக்குரிய மூளைச் செயலமைப்பு தெளிவாகக் கண்டறியப்பட்டுவிடும் என்று சால்மர்ஸுடன் பந்தயம் கட்டினார்; 2023-இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு திராட்சை மதுப் புட்டிகளைக் கொடுத்தார். 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கூட்டாய்வு, முன்னணியில் உள்ள இரண்டு கோட்பாடுகளை 256 பேரிடம் நேருக்கு நேர் சோதித்தது. இரண்டின் முக்கியக் கணிப்புகள் சிலவும் பொய்த்தன. இதைக் கொண்டு நம்மவர் வெற்றி முழக்கம் செய்ய வேண்டியதில்லை. விஞ்ஞானம் இன்னும் விளக்கவில்லை என்பது வேதாந்தம் விளக்கிவிட்டது என்று ஆகிவிடாது.

ஒரு சொல்லின் சிக்கல்

ஆங்கில நூல்களைத் தமிழாக்கும் பணியில் என்னை மிகவும் திணறச் செய்த சொற்களுள் இந்த ‘உணர்வு’ம் ஒன்று. நனவு, பிரக்ஞை, அறிவு, சைதன்யம் என்று இடத்திற்கேற்ப மாற்றி மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தமிழர் எவரும் இச்சொற்களைக் கையாள்வதில்லை. ‘நினைவு தப்பிவிட்டது’, ‘இன்னும் நினைவு திரும்பவில்லை’ என்றே சொல்கிறார்கள். நினைவு என்பது எண்ணம். நினைவு என்பது ஞாபகம். பாமர வழக்கு என்று இதை ஒதுக்கிவிடலாகாது. தப்புவதும் திரும்புவதும் மனத்தின் விருத்திகளே என்ற நுட்பம், அறிந்தோ அறியாமலோ, இந்தப் பேச்சு வழக்கில் பொதிந்திருக்கிறது.

நம் தரிசனங்களுக்கும் மேலைநாட்டுச் சிந்தனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மேலைநாட்டில் டெகார்ட் கோடு கிழித்தபோது மனம் ஒரு பக்கமும் ஜடம் மறுபக்கமும் நின்றன. ஸாங்கியமும் வேதாந்தமும் கிழித்த கோட்டில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணம் முழுவதும் ஜடத்தின் பக்கம் நிற்கிறது. மிக நுண்ணிய ஜடம், ஆயினும் ஜடமே. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் உண்ணாமல், நீர் மட்டும் அருந்தி இருக்கச் சொல்கிறார். அதன்பின் வேதத்தைச் சொல் என்றால், கற்ற எதுவும் மகனுக்கு நினைவுக்கு வரவில்லை. உண்டபின் எல்லாம் திரும்பி வருகிறது. மனம் அன்னத்தால் ஆனது என்பதைத் தந்தை மகனுக்கு இவ்விதம் உணர்த்துகிறார். மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் ஞாபகம் மங்கும் என்று கூறும் இன்றைய மருத்துவரோடு உத்தாலகருக்கு எந்தப் பிணக்கும் இராது.

ஆகவே பினியஸ் கேஜின் குணமாற்றமும் மறதி நோயின் சிதைவும் வேதாந்தத்திற்கு எதிரான சான்றுகள் ஆவதில்லை. ஞாபகமும் குணமும் அந்தக்கரணத்தைச் சேர்ந்தவை. அந்தக்கரணம் உடலைச் சார்ந்து இயங்குகிறது. சைதன்யம் என்று வேதாந்தம் குறிப்பது, இவற்றின் இருப்பையும் இன்மையையும் ஒளிர்விப்பதை. வித்யாரண்யர் ‘பஞ்சதசீ’யின் பத்தாம் பிரகரணத்தில் இதை நாட்டிய அரங்கின் விளக்காகக் காட்டுகிறார். அவ்விளக்கு தலைவனையும் சபையினரையும் நர்த்தகியையும் பேதமின்றி ஒளிர்விக்கிறது. அவர்கள் எழுந்து சென்றபின் வெற்று அரங்கையும் ஒளிர்விக்கிறது. (சங்கரரின் விளக்கு உடலுக்கு உவமை, வித்யாரண்யரின் விளக்கு சைதன்யத்திற்கு உவமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

வெற்று அரங்கில் விளக்கு எரிகிறது என்று எப்படித் தெரியும்? ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்று விழித்தபின் சொல்கிறோமே, ஒன்றும் தெரியாமையை அறிந்திருந்தால் அன்றி அப்படி நினைவுகூர முடியுமா என்பது வேதாந்தியின் வாதம். அது நினைவன்று, விழித்தபின் செய்யும் அனுமானமே என்கிறார் நையாயிகர். நையாயிகருக்கு ஆன்மா உண்டு. ஆனால் அறிவு அதன் இயல்பு அன்று, மனத்தோடு சேர்வதால் வந்து போகும் குணம். உறக்கத்தில் அச்சேர்க்கை இல்லை, அறிவும் இல்லை. இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து அதை மேலும் கூர்மையாக்கியிருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுபவர் நேரம் கழிந்ததை உணர்கிறார். மயக்கத்திலிருந்து எழும் பலருக்கோ கண் மூடியதும் திறந்ததும் அடுத்தடுத்த கணங்களாகவே தோன்றுகின்றன. அங்கே ‘சுகமாக இருந்தேன்’ என்ற நினைவும் இல்லை. அந்நிலையிலும் சாட்சி இருந்தது என்று கூறுபவர், நினைவைச் சான்றாகக் காட்ட இயலாது. சுருதியையோ, அறிபவனுக்கு இன்மை என்பதை எவராலும் அனுபவமாகக் காட்ட முடியாது என்ற தர்க்கத்தையோதான் நாட வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆயினும் அது நையாயிகரை வாயடைக்கச் செய்யும் தர்க்கம் என்று சொல்லமாட்டேன்.

தமிழில் சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் தனிப்பாதை வகுத்தது. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் ‘சிவஞான போத’த்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உடலின் வேறானது என்பதற்குக் காரணங்களைத் தொகுக்கிறார். உடலை ‘என்னுடையது’ என்று சொல்வது அவற்றுள் ஒன்று. (இது ஒன்றை மட்டும் தனியே நிறுத்தினால் போதாது, ‘என் ஆன்மா’ என்றும்தான் சொல்கிறோம்.) நான்காம் சூத்திரம் அந்தக்கரணம் ஆன்மா அன்று என்கிறது. ஆனால் அமைச்சரோடு கூடிய அரசனைப் போல, கரணங்களோடு கூடியே உயிர் அறிகிறது. அவற்றை விட்டால் மலத்தால் மறைப்புண்டு அறியாது கிடக்கும். உடலின் வேறான உயிரை ஏற்பவர்கள்கூட, கருவியின்றி அது தானே ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்று ஏற்கவில்லை. ‘நம் மரபு இப்படிச் சொல்கிறது’ என்று ஒரே குரலில் கூறிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மைத்ரேயியின் கலக்கம்

இதுவரை வந்த வழியில் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். ஞாபகத்தையும் குணத்தையும் அந்தக்கரணத்திடம் ஒப்படைத்துவிட்டோம். எனில், மூளையின் விளைபொருள் ஆகாத அந்தச் சைதன்யத்தில் மகனுக்குத் தெரிந்த தந்தை எங்கே? அவருடைய சிரிப்பு, அவர் மகனை அழைத்த செல்லப்பெயர், அவர் கைப்பிடித்து நடத்திச் சென்ற தெரு, இவற்றுள் எதுவும் அரங்கின் விளக்கில் இல்லை.

பிருஹதாரண்யக உபநிஷதம் இதை மூடி மறைக்கவில்லை. இல்லறத்தைத் துறந்து புறப்படும் யாக்ஞவல்கியர், மனைவி மைத்ரேயிக்கு ஆத்ம தத்துவத்தை உபதேசிக்கையில், உடலை நீத்தபின் ‘ஸம்ஜ்ஞை’ இல்லை என்கிறார். இன்னார் என்ற தனி அறிவு அங்கு இல்லை என்பது பொருள். மைத்ரேயி கலங்கிவிடுகிறாள். அமரத்துவத்தைக் கேட்டு வந்தவள் அவள்; செல்வம் வேண்டாம் என்றவள்; அவளே இங்கு மயங்கினேன் என்கிறாள். தாம் மயக்கம் தரும் எதையும் சொல்லவில்லை என்று முனிவர் விளக்குகிறார்: ஆத்மா அழிவற்றது, இரண்டாவது பொருள் இருக்கும்போதுதான் ஒருவர் மற்றொருவரைக் காண்பதும் கேட்பதும். விளக்கம் பூரணமானது. ஆயினும் மைத்ரேயியின் கலக்கத்தை உபநிஷதம் நீக்கிவிடாமல் பதிவு செய்து வைத்திருக்கிறது என்பதே என் மனத்தில் நிற்கிறது.

ஸூக்ஷ்ம சரீரம் என்ற கொள்கை இருக்கிறதே, ஸம்ஸ்காரங்கள் அதில் தொடர்ந்து செல்கின்றனவே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மை. கண் என்ற கோளகம் பழுதானாலும் பார்க்கும் இந்திரியம் சூக்ஷ்மமாக இருக்கிறது என்பது போல, மூளை பழுதானாலும் ஞாபகத்தின் வித்துகள் சூக்ஷ்மமாக இருக்கும் என்று சாஸ்திர வழியில் விடை கூறலாம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் அதை ஏற்பது சுருதியின்மீதுள்ள நம்பிக்கையால். சைதன்யம் ஜடத்தின் குணம் ஆகாது என்ற தர்க்கம் ஒன்று. தனி உயிரின் பயணம் தொடர்கிறது என்பது வேறொன்று. முதலாவதற்கு வாதம் செய்துவிட்டு, கேட்பவர் அறியாமல் இரண்டாவதையும் அவர் கையில் திணித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் அவ்வாறு செய்வது நேர்மையாகாது.

அந்த மகனிடம் சொல்லக்கூடியது என்ன? நீங்கள் இழந்துகொண்டிருப்பது உண்மையான இழப்பே என்று முதலில் சொல்லலாம். ‘ஆத்மாவுக்கு ஏது அழிவு, ஏன் அழுகிறீர்கள்?’ என்று கேட்பவர், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார். பெயரை மறந்தவர் பசியை மறக்கவில்லை, தலையைத் தடவும் கையின் இதத்தை மறக்கவில்லை. ‘நான்’ என்று சொல்ல மறந்தபின்னும் வலிப்பது ஒருவருக்குத்தான் என்றும் சொல்லலாம். நினைவு போனதால் அங்கு யாருமில்லை என்று முடிவு கட்ட லோகாயதருக்கும் உரிமை இல்லை.

இதற்கு மருத்துவ உலகிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தில் காயமுற்று எந்த அசைவாலும் மறுமொழி தராமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை மூளைப் படக்கருவியில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தம் வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமுள்ளவர் அவ்வாறு கற்பனை செய்யும்போது மூளையில் எவ்விடங்கள் இயங்குமோ, அவ்விடங்களே அப்பெண்ணுக்கும் இயங்கின. 2024-இல் வெளியான விரிவான ஆய்வில், கட்டளைகளுக்கு வெளிப்படையாக மறுமொழி தராத 241 பேரில் 60 பேர் இத்தகைய சோதனையில் மறுமொழி தந்தனர். மூளையைச் சாராத உணர்வுக்கு இது சான்று ஆகாது. மூளை இயங்கியதால்தான் கண்டுபிடிக்கவே முடிந்தது. ஆனால் அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, இவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற எண்ணத்தில் உறவினர் பேசிய பேச்சுக்களை அந்த அறுபது பேரில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ!